மரண அறிவிப்பில் பத்துப் பெயர்கள்

வானொலியில் காலை ஏழு மணி அறிக்கையைப் படித்து முடித்தபோது ஜஸ்டினா ஸ்கெரிட்டுக்குக் கோபம் எதுவும் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து, வெஸ்லி பள்ளி வாசலில் ஒரு கரும்பலகையைப் பார்த்தபோதுதான் வந்தது.

பள்ளியில் இப்போது பாடம் நடப்பதில்லை. எரிமலை விழித்த பிறகு தீவின் தெற்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே தங்கியிருந்தன. வகுப்பறையிலிருந்து யாரோ தூக்கி வந்த பலகை வாசல் தூணில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் சுண்ணக்கட்டியால் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்:

உள்ளே 8.00
வெளியே 12.00

கீழே பத்துப் பெயர்கள். மூன்றாவது பெயர் தேடியஸ் ஸ்கெரிட். அவளுடைய அண்ணன்.

பலகைக்குப் பக்கத்தில் ஒரு வேன் நின்றது. ஓஸ்மண்ட் ரைலி அதன் கண்ணாடியிலிருந்து சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன இது, ஓஸ்மண்ட்?"

"டைம் டேபிள், மிஸ் ஜஸ்டினா."

"எதோட டைம் டேபிள்?"

"மலையோடதுதான். நீங்கதானே காலையில படிச்சீங்க? அடுத்த உச்சம் ஒண்ணுல இருந்து மூணுக்குள்ளன்னு. நான் ஒரு மணி நேரம் முன்னாடியே எல்லாரையும் கிளப்பிடுவேன். பொறுப்பான ஆளு நான். போறவன் பேரை எழுதி வச்சு, திரும்பி ஏறும்போது எண்ணிப் பார்த்துத்தான் வண்டியை எடுப்பேன்."

"நான் யாரையாவது உள்ள போகச் சொன்னேனா?"

"எப்ப வெடிக்கும்னு மட்டும் சொல்லியிருந்தா யாரும் போயிருக்க மாட்டாங்க. எப்ப வெடிக்காதுன்னும் சேர்த்துல்ல சொல்றீங்க." அவன் துணியை உதறினான். "தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்ப உபயோகமா இருக்கு."

நாலு வாரத்துக்கு முன்னால் அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவளே ஜஸ்டினாதான். எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தில் அவள் தொழில்நுட்ப உதவியாளர். கருவிகளுக்கு மின்கலம் மாற்றுவது, நடுக்கமானியின் உருளையில் தாள் சுற்றுவது, காலையிலும் மாலையிலும் அறிக்கை படிப்பது அவள் வேலை. சூஃப்ரியேர் என்ற அந்த மலையின் குழம்பு ஆறாக ஓடுகிற வகை இல்லை. அரைகுறையாக இறுகிய பசை மாதிரி, வெளியே வந்த இடத்திலேயே குவிந்து, பாறைக்குமிழாக வளரும். கனம் தாங்காமல் குமிழின் ஒரு பக்கம் சரிந்தால், கல்லும் சாம்பலும் கொதிக்கும் வாயுவும் ஒன்றாகி ஓடைகள் வழியே கீழே பாயும். கார் வேகத்தைவிட அதிகம். அதனால்தான் தீவின் தெற்குப் பாதியை மூடியிருந்தார்கள்.

குமிழின் அடிவாரத்தில் புதைத்திருந்த சாய்வுமானி அனுப்பும் கோட்டை அவள் தினமும் பார்த்துவந்தாள். கோடு ஏறும், மலை உள்ளே வீங்குகிறது என்று பொருள். உச்சியை நெருங்கும்போது சின்னச் சின்ன நடுக்கங்கள் கூட்டமாக வரும். பிறகு குமிழிலிருந்து ஒரு துண்டு விழும். கோடு இறங்கும். பதினாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, திரும்பத் திரும்ப அப்படித்தான். அவள் அந்தத் தாள்களை ஒட்டி டாக்டர் மார்ச்மன்ட்டிடம் காட்டியபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். உலகத்தில் வேறு எந்த மலையிலும் இவ்வளவு சுத்தமாக யாரும் பார்த்ததில்லை என்றார். அடுத்த நாளே அறிக்கையில் ஒரு வரி கூடியது: அடுத்த வீக்கம் உச்சத்தை எட்டும் என எதிர்பார்க்கப்படும் நேரம்.

அந்த வரியை நாலு வாரமாகப் படித்தது அவளுடைய குரல். வெளியூர்க்காரர் படித்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று நிலையத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் அது.

தேடியஸ் மண்வெட்டியும் சாக்குமாக வந்தான். தோளில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் தொங்கியது.

"தேட், நீ போகல."

"குட் மார்னிங் கூடக் கிடையாதா?"

"போகலன்னு சொல்லு."

"சத்தம் போடாதே. உள்ள பக்கத்துல இருக்கிற டேலி இப்பதான் தூங்கினான். ராத்திரி பூரா புருஷன் பொண்டாட்டி சண்டை. நடுவுல ஒரு பெட்ஷீட்டுதான் சுவரு. நான் இருமி இருமி என் தொண்டை போச்சு." அவன் சாக்கை வேனுக்குள் எறிந்தான். "பதினெட்டு மாசம், டினா. ஒரு ரூம்ல நாலு குடும்பம். வடக்க நிலம் தர்றேன்னான். குடுத்தானா? பாறை. அதுல ஆடு கூட நிக்காது."

"அதுக்கு உயிரை விடுவியா?"

"நேத்து மத்தியானம் இங்க என்ன சாப்பாடு, கேளு. ஆட்டுக்கறிச் சாறு. அதுல கேரட்டு. யாரோட கேரட்டு? என்னோடது." அவன் சிரித்தான், முகத்தில் சிரிப்பு இல்லை. "உள்ள போனா கேஸ் போடுவேன்னு சொல்ற கவர்ன்மென்ட், உள்ள விளைஞ்சதை வாங்கி எனக்கே ஊத்துது. எங்க விளைஞ்சதுன்னு ஸ்டோர்ல ஒருத்தனும் கேக்க மாட்டான். கேட்டா பதில் தெரிஞ்சிடுமே. உங்க கேன்டீன்லயும் போடுறாங்க. நீ தின்னிருப்ப."

தின்றிருந்தாள். முந்தின நாள்கூட. வடக்கில் கேரட் எங்கே விளைகிறது என்று அவள் ஒரு தடவைகூட யோசித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வருது, தேட். பதினாலு மணி நேரம் பன்னண்டாச்சு. இப்ப பதினொண்ணு."

"தெரியும். அதையும் நீ சொல்லிட்டுத்தானே இருக்க. அதனாலதான் போன வாரம் வரை அரை மணி முன்னாடி கிளம்பினோம், இப்ப ஒரு மணி முன்னாடி." அவன் பலகையைக் காட்டினான். "உன்மேல நம்பிக்கை வச்சுத்தான் போறோம்."

வேன் புறப்பட்டது. மூடிய பகுதியின் எல்லைத் தடுப்பில் நிற்கிற போலீஸ்காரர் வழக்கம்போல வீடு பார்க்கப் போகிறார்கள் என்று எழுதிக்கொண்டு கயிற்றை இறக்கிவிடுவார். ஜஸ்டினா பலகையைக் காலால் உதைத்தாள். அது விழுந்து மூலை உடைந்தது. இரண்டு பிள்ளைகள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

*

டாக்டர் மார்ச்மன்ட் நல்ல மனிதர் என்றுதான் நிலையத்தில் பெயர். குரல் உயர்த்தமாட்டார், உள்ளூர் ஆட்களின் பெயர்களைச் சரியாக உச்சரிப்பார். ஆறு வாரத்துக்கு ஒரு தலைமை விஞ்ஞானி என்பது ஏற்பாடு. அவருடைய ஆறு வாரம் சனிக்கிழமையோடு முடிகிறது.

"அந்த வரியை எடுங்க, டாக்டர்," என்றாள்.

"எந்த வரி?"

"நேரம் சொல்ற வரி. அதை வச்சுக்கிட்டு ஆட்கள் உள்ள போறாங்க. வேன் ஓடுது. பலகையில எழுதிப் போட்டிருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உள்ளே போவது சட்டவிரோதம்."

"தெரியும்."

"நாம போகச் சொல்லல. நமக்குத் தெரிஞ்சதை ஒளிக்காமச் சொல்றோம். ஒளிச்சா நாளைக்கு நம்மளை யாரும் நம்பமாட்டாங்க, ஜஸ்டினா. போன வருஷம் இருந்தவர் எதையும் சொல்லலன்னு நீங்கதான் என்கிட்ட குறைப்பட்டீங்க."

அது உண்மை. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

"உங்க ஊர்ல மழை ரெண்டு மணிக்கு வரும்னு சொன்னா ஜனங்க என்ன செய்வாங்க, டாக்டர்? நாள் பூரா வீட்டுக்குள்ள உக்காந்திருப்பாங்களா? ஒண்ணே முக்காலுக்குள்ள கடைக்குப் போயிட்டு வந்துடுவாங்க."

"மழையும் இதுவும் ஒண்ணா?"

"இல்லைன்னு நமக்குத் தெரியும். நாம மழை மாதிரிதான் சொல்லிக்கிட்டிருக்கோம்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, தலைமைச் செயலர் அலுவலகத்திடம் கேட்காமல் அறிக்கையின் வடிவத்தை மாற்ற முடியாது, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேசலாம் என்றார். மேசையில் அவருடைய கட்டுரையின் அச்சுப்படி கிடந்தது. முதல் பக்கத்திலேயே அவள் ஒட்டிய கோடு, அழகாக அச்சாகி. நன்றி சொல்லும் பகுதியில் "உள்ளூர் ஊழியர்கள்" என்று இருந்தது.

"வெள்ளிக்கிழமை," என்றாள். "சனிக்கிழமை நீங்க விமானம் ஏறிடுவீங்க."

*

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு உருளையில் முதல் நடுக்கம் விழுந்தது. அடுத்த நிமிடம் இரண்டு. அதற்கடுத்த நிமிடம் நாலு.

ஜஸ்டினா சாய்வுமானியின் திரையைப் பார்த்தாள். உச்சத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கவேண்டிய கோடு, அரை மணியாகச் செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. இந்த நாலு வாரத்தில் எந்த உச்சமும் இவ்வளவு உயரம் போனதில்லை.

"டாக்டர்!"

அவர் வந்து பார்த்தார். ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "இது வரப்போகுது. மதியத்துக்கு முன்னாலயே." அவர் கை தொலைபேசிக்குப் போயிருந்தது. அதைப் பிறகு பலரிடமும் அவள் சொன்னாள்: அந்த ஒரு விஷயத்தில் மனிதர் தயங்கவில்லை.

தீவில் ஐந்து அபாயச் சங்குகள் இருந்தன. ஐந்தும் தடுப்புக்கு வடக்கே. மூடிய பகுதியில் ஒன்றுகூட வைக்கவில்லை, அங்கேதான் யாருமில்லையே. ஹெலிகாப்டர் பக்கத்துத் தீவில் இருந்தது, நாலு மணிக்குத்தான் வரும். செயலர் அலுவலக அதிகாரியின் குரல் ஒலிபெருக்கியில் அறை முழுக்கக் கேட்டது.

"யாரை எச்சரிக்கச் சொல்றீங்க, டாக்டர்?"

"உள்ளே இருக்கிற விவசாயிகளை."

"உள்ளே யாரும் இல்லை. அதுதான் அரசாங்கத்தோட நிலை. போன மாசம் லண்டன் மேலிடத்துக்கே எழுதிக் குடுத்திருக்கோம். இப்ப ரேடியோவுல 'வெளிய வாங்க'ன்னு கத்தினா, இத்தனை நாள் ஆள் இருந்தாங்கன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?"

"இருக்காங்க சார்," ஜஸ்டினா குறுக்கே புகுந்தாள். "பத்துப் பேரு. பேரு சொல்லட்டுமா?"

"நீங்க யாரு?"

"உங்க கேரட்டு எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சவ."

அமைச்சரிடம் பேசிவிட்டு அனுமதியை எழுத்துமூலம் அனுப்புவதாகச் சொல்லி அந்தக் குரல் அறுந்தது. உருளையில் நடுக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்திருந்தன. நேரம் பத்து நாற்பது.

அவள் வானொலி நிலையத்தோடு இணைந்த தொலைபேசியை எடுத்தாள். அறிவிப்பாளர் யூலாலி ஃபென்டன் அவளோடு பள்ளியில் படித்தவள்.

"யூலாலி, ஓடுறதை நிறுத்து. என்னைப் பேச விடு."

"லெட்டர் இருக்கா?"

"லெட்டர் வர்றதுக்குள்ள எல்லாரும் செத்துடுவாங்க."

"முத்திரை வச்ச லெட்டர் இல்லாம அவசர அறிவிப்பு போடக்கூடாது, டினா. போன மாசம் ஒரு தடவை போட்டேன். மூணு நாள் வீட்ல உக்கார வச்சான். எனக்கு மூணு பிள்ளைங்க."

"உள்ள தேட் இருக்கான்."

யூலாலி பெருமூச்சு விட்டது கேட்டது. "கடவுளே. எதுக்குப் போனான் அந்த மடையன்?"

"இப்ப என்ன ஓடப்போகுது?"

"பதினொண்ணுக்கு சாவு அறிவிப்பு."

ஜஸ்டினா கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தத் தீவில் காலை பதினொரு மணிக்கு வானொலியை அணைக்கிறவர் யாரும் இல்லை. கொத்தனார் கரண்டியைக் கீழே வைப்பார். கடைக்காரர் தராசைப் பிடித்தபடி நிற்பார். முதலில் ஆர்கன் இசை, பிறகு இறந்தவரின் பெயர், ஊர், பட்டப்பெயர், நியூயார்க்கிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகள். வயலில் இருக்கிறவர்கள் அந்த நேரத்துக்காகத்தான் டிரான்சிஸ்டரை மரத்தில் தொங்கவிடுவார்கள்.

"அதுக்கு யாரு அனுமதி தரணும்?" ஜஸ்டினா மெதுவாகக் கேட்டாள்.

"யாரும் வேண்டாம். குடும்பத்துல ஒருத்தர் போன் பண்ணினா போதும்."

"நான் குடும்பத்துல ஒருத்தி."

"டினா, இது பாவம்."

"பாவம்தான். என் தலையில எழுதிக்கோ. மியூசிக்கைப் போடு."

*

ஆர்கன் இசை முடிந்தது. யூலாலி வழக்கமான வாசகத்தை நடுங்கிய குரலில் படித்தாள்: பின்வரும் மரண அறிவிப்புகளை வருத்தத்தோடு தெரிவிக்கிறோம். பிறகு தீவு முழுவதும் காலையில் அறிக்கை படிக்கிற குரல் கேட்டது.

"பெல்ஹாம் மேடு, ஆல்வின் கேசல். பெல்ஹாம் மேடு, ரோசாமண்ட் ஹோ. பெல்ஹாம் மேடு, தேடியஸ் ஸ்கெரிட், தேட் என்று அழைக்கப்படுபவர்..."

பலகையில் இருந்த வரிசையிலேயே பத்துப் பெயர்களையும் சொன்னாள். கோபத்தில் பார்த்தது எதுவும் அவளுக்கு மறந்திருக்கவில்லை.

"இவர்கள் இன்னும் சாகவில்லை. பன்னிரண்டு மணிக்கு முன்னால் சாகப்போகிறார்கள். காலையில் நான் படித்த நேரம் தப்பு. மலைக்கு நேரம் கிடையாது. ஓஸ்மண்ட், வண்டியை எடு. தேட், கேரட்டைப் போட்டுட்டு ஓடு. கேக்குதா? சாக்கைத் தூக்காதே. ஓடு."

மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை பாதியில் யூலாலியின் அறையில் இன்னொரு தொலைபேசி விடாமல் அடிப்பது ஒலிவாங்கி வழியாகவே கேட்டது. யூலாலி அதை எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது மார்ச்மன்ட் ஒரு வாக்கி-டாக்கியை அவள் கையில் திணித்தார். "போங்க. நான் உருளையைப் பார்த்துச் சொல்றேன்."

தடுப்புக்கு இருபத்தைந்து நிமிடத்தில் போக வேண்டிய பாதையை அவள் பதினெட்டு நிமிடத்தில் கடந்தாள். கான்ஸ்டபிள் கயிற்றுக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். வானொலியைக் கேட்டு அந்தப் பெயர்களை எண் போட்டு எழுதி வைத்திருந்தார்.

"எதுக்கு எழுதினீங்க?"

"மேல இருந்து உத்தரவு வந்திருக்கு. வெளிய வர்றவங்களைப் பிடிச்சு வைக்கணுமாம். ரேடியோவுலயே பேர் சொல்லியாச்சு, இனிமே தெரியாத மாதிரி இருக்க முடியாதாம்."

"நீங்கதானே தினம் கயித்தை இறக்கி விட்டீங்க?"

அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டார்.

பதினொன்று நாற்பத்தேழுக்கு வேன் வளைவில் திரும்பியது. முன்கண்ணாடி உடைந்திருந்தது. கூரைமேல் இரண்டு பேர் கவிழ்ந்து படுத்திருந்தார்கள். கான்ஸ்டபிள் ஒவ்வொருவராக இறங்க இறங்கப் பெயருக்குப் பக்கத்தில் குறி போட்டார். ரோசாமண்ட் ஹோ இறங்கியதும் அவரைப் பார்த்துக் காறித் துப்பினாள். தேடியஸ் கடைசியில் இறங்கினான். கையில் சாக்கு இல்லை.

ஜஸ்டினா அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"சாவு அறிவிப்புல என் பேரைப் படிச்சியே! ஆர்கனோட! ஆல்வின் அங்கயே மண்டி போட்டுட்டான், செத்துட்டோம்னு நினைச்சு."

"உயிரோட நிக்கிறேல்ல?"

"நிக்கிறேன். போலீஸ்காரன் பக்கத்துல." அவன் திரும்பி மலையைப் பார்த்தான். "ஃபாரல் வரல."

"யாரு?"

"ஹயசிந்த் ஃபாரல்."

"அவர் போன வாரமே ஆன்டிகுவா தீவுக்குக் கப்பல் ஏறிட்டாருல்ல?"

"ஏறல. பசு மாட்டை விட்டுட்டு எப்படிப் போவார்? ஓஸ்மண்டுக்குத் தெரியாம ஓடை வழியா நடந்து வந்துக்கிட்டிருந்தார். என் வயலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். போய்க் கையைப் பிடிச்சு இழுத்தேன், டினா. வரமாட்டேன்னுட்டார்."

"ஏன்? ரேடியோ கேக்கலையா?"

"கேட்டார். நல்லாக் கேட்டார்." தேடியஸின் குரல் கீழே போனது. "'பத்துப் பேரைத்தான் படிச்சா உன் தங்கச்சி, என் பேரு அதுல இல்ல'ன்னார். 'மலையாவது ஒண்ணாவது, இது போலீஸ் வேலை. உங்களை வெளிய வரவழைச்சுப் பிடிக்கப் போறான். என் பேரு அவங்களுக்குத் தெரியாது. நீங்க போய் மாட்டுங்க, நான் ஓடைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு சாயங்காலமா நடந்து வந்துக்கிறேன்'னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார். ஓஸ்மண்ட் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். நான் ஓடி வந்துட்டேன்."

வாக்கி-டாக்கி கரகரத்தது. மார்ச்மன்ட். "ஜஸ்டினா, இப்போ. இப்போ."

முதலில் சத்தமே வரவில்லை. உச்சியில் குமிழின் கிழக்குப் பக்கம் தளர்ந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. அங்கிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று உருண்டு உருண்டு கீழே வந்தது, வரவர உயரமானது. மோர்கன் ஓடைக்குள் இறங்கி, ஓடை கொள்ளாமல் இரண்டு கரையிலும் ஏறி, பெல்ஹாம் மேட்டின்மேல் பரவியது. வயல், அங்கே விட்டுவந்த வீடுகள், தேவாலயக் கோபுரம் எல்லாம் அதற்குள் போயின. இரண்டு நிமிடம் இருக்கும். இடி போன்ற சத்தம் பிறகுதான் வந்து சேர்ந்தது. வேனின் கூரையில் சின்னக் கற்கள் விழ ஆரம்பித்தன.

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றினார். பிறகு, வேலை நினைவு வந்தவர்போல நோட்டைத் திறந்தார்.

"அந்தப் பதினோராவது ஆள். முழுப் பேரு என்ன சொன்னீங்க?"

ஜஸ்டினா அவர் முகத்தருகே போனாள். "எதுக்கு? கேஸ் எழுதவா? போய் எழுதுங்க. ஓடைக்குள்ள இருக்கார், போய்ப் பிடிங்க! பேரு எழுதினா ஜெயிலுன்னு ஒரு மனுஷனைப் பயமுறுத்தி வச்சிருக்கீங்க. பேரைச் சொல்லிக் காப்பாத்த வேண்டிய நாள்ல, பேரு வராததை நல்லதுன்னு நினைச்சுட்டார். போங்க! இந்தா கயிறு, நானே இறக்கி விடுறேன்!"

அவள் உண்மையிலேயே கயிற்றை அவிழ்த்துக் கீழே எறிந்தாள். தேடியஸ்தான் அவளைப் பின்னால் இழுத்தான்.

*

நாலு மணிக்கு ஹெலிகாப்டர் வந்து பார்த்துவிட்டுப் போனது. மோர்கன் ஓடை நிரம்பி மட்டமாகிவிட்டது, இன்னும் புகைகிறது, இறங்க இடமில்லை என்று விமானி சொன்னார். பசு மாடு ஒன்று மேட்டின் ஓரத்தில் கிடந்தது. ஆள் யாரையும் காணவில்லை.

ஐந்து மணிக்கு, மாலை அறிக்கையின் தாளை மார்ச்மன்ட் அவள் முன்னால் வைத்தார். நேரம் சொல்லும் வரியை அவரே பேனாவால் அடித்திருந்தார்.

"செயலர் அலுவலகத்தைக் கேட்டீங்களா?" என்றாள்.

"கேக்கல."

"காலையில கேக்கணும்னு சொன்னீங்க."

அவர் முகம் வெளிறியிருந்தது. நியாயமாகப் பார்த்தால் அவர்மேல் இரக்கம் வரவேண்டும். வரவில்லை. அந்த வரியை அவர் எழுதினார்; கணக்கைக் கண்டுபிடித்து, தன் வாயால் நாலு வாரம் படித்தவள் அவள். தன்மேல் இருந்த கோபத்தையும் அவர்மேல் இருந்த கோபத்தையும் அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

தாளின் கடைசியில் வேறு யாரோ தட்டச்சு செய்த வாக்கியம் ஒன்று இருந்தது: மூடிய பகுதியில் ஆட்கள் இருந்ததாக வரும் தகவல்கள் சரிபார்க்கப்பட்டு வருகின்றன. அதைப் படிக்காமல் விட்டாள்.

ஐந்தரைக்குத் தேடியஸ் நிலையத்தின் வாசலுக்கு வந்தான். குளித்திருக்கவில்லை. தலைமுடியிலும் புருவத்திலும் சாம்பல் அப்படியே இருந்தது. கையில் மடித்த தாள்.

"விட்டுட்டாங்களா?" என்றாள்.

"இப்போதைக்கு. வர்ற செவ்வாய்க்கிழமை கோர்ட்டு. பத்துப் பேருக்கும். ஓஸ்மண்டுக்குத் தனியா ஒண்ணு, வண்டி ஓட்டினதுக்கு." தாளை நீட்டினான். "கீழ பாரு."

அவள் பார்த்தாள். சான்றுப் பொருள்: வானொலி ஒலிநாடா ஒன்று. அரசுத் தரப்பு முதல் சாட்சி: ஜஸ்டினா ஸ்கெரிட்.

"உன் குரலைப் போட்டுக் காட்டி, 'இது நீதானே, இந்தப் பேரெல்லாம் நீதானே சொன்ன'ன்னு கேப்பாங்களாம்," என்றான். "நீ ஆமான்னா எங்களுக்கு ஜெயிலு. இல்லன்னா பொய் சாட்சின்னு உனக்கு."

அவள் தாளை மறுபடி படித்தாள்.

"போவியா?" அவன் கேட்டான்.

"போவேன்."

"டினா."

"போவேன்னு சொன்னேன். கூண்டுல ஏறி ஆமா, என் குரல்தான்னு சொல்லுவேன். பத்துப் பேரு உள்ள இருந்தாங்க, எனக்குத் தெரியும்னு சொல்லுவேன். ஜட்ஜ் எப்படித் தெரியும்னு கேக்கட்டும். கேக்கணும் அவர். கேட்டா, வாசல்ல பலகை இருந்ததுல இருந்து ஆரம்பிப்பேன். கயித்தை யாரு இறக்கினாங்கன்னு சொல்லுவேன். அந்தக் கேரட்டை யாரு வாங்கினாங்க, யாரு சாப்பிட்டாங்கன்னு சொல்லுவேன். நானும் சாப்பிட்டேன்னு சொல்லுவேன். சங்கு எங்க இருக்குன்னு சொல்லுவேன். 'உள்ள யாரும் இல்ல'ன்னு போன்ல யாரு சொன்னாருன்னும் சொல்லுவேன். டாக்டரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார், சனிக்கிழமை ஏறுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட எழுதி வாங்கிடுவேன்."

"நடுவுலயே வாயை மூடுன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

தேடியஸ் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தெற்கே மலை மேகத்துக்குள் இருந்தது. அவன் சாம்பல் படிந்த உதடுகளை நாவால் ஈரப்படுத்தினான்.

"பத்துன்னு சொல்லாதே," என்றான். "பதினொண்ணுன்னு சொல்லு. ஃபாரல் பேரை முதல்ல சொல்லு."